மூலை பார்க்கும் முன்னே காற்றைப் பாருங்கள்!

தோட்டத்து வீடு கட்டுபவர்களுக்கு வெயில், காற்று, தண்ணீர் சொல்லும் வாஸ்து

தை பிறந்து அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் கிராமங்களில் கடைக்கால் தோண்டும் வேலை சூடுபிடித்துவிடும். ஊருக்குள் இருக்கும் பழைய வீட்டை விட்டுவிட்டு, தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடிபோக நினைக்கும் விவசாயிகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். மாடு கன்று பக்கத்தில் இருக்கும். மோட்டார் போட ராத்திரியில் ஓட வேண்டாம். காவலுக்கு ஆள் தேட வேண்டாம். நியாயமான ஆசைதான்.

ஆனால், நூல் பிடிக்கத் தொடங்கியதுமே யோசனை சொல்ல நான்கு பேர் வந்துவிடுவார்கள். மனை பார்ப்பவர் ஒன்று சொல்வார். மேஸ்திரி ஒன்று சொல்வார். டவுனில் இருந்து வரும் உறவினர், சிரிக்கும் புத்தர் பொம்மையையும் ‘அதிர்ஷ்ட மூங்கில்’ தொட்டியையும் கையில் கொடுத்து, ‘ஃபெங் சுயி’ பற்றிப் பேசுவார். விளைவு? வற்றாத கிணறு ‘கன்னி மூலையில்’ இருக்கிறது என்று மண்ணைக் கொட்டி மூடப்படுகிறது. வாசலுக்கு நேராக நிற்கிறது என்று இருபது வருட வேப்பமரம் வெட்டப்படுகிறது. கட்டிய படிக்கட்டை இடித்து வேறு பக்கம் மாற்றுகிறார்கள். இத்தனை செலவுக்குப் பிறகும் சித்திரை மாதம் வீட்டுக்குள் படுக்க முடிவதில்லை. அடுத்த கடன் ஏ.சி. வாங்க!

நம்பிக்கை அவரவர் விருப்பம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், இந்தச் சாஸ்திரங்கள் எல்லாம் எங்கே, எதற்காகப் பிறந்தன என்று தெரிந்துகொண்டால், எதை அப்படியே வைத்துக்கொள்வது, எதற்குப் பணத்தை வீணடிக்க வேண்டாம் என்று விவசாயியே முடிவு செய்துவிடலாம்.

சீனாவில் வரம்... இங்கே தயக்கம்!

‘ஃபெங்’ என்றால் சீன மொழியில் காற்று. ‘சுயி’ என்றால் தண்ணீர். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. வீடும் ஊரும் சமாதியும் எங்கே அமைய வேண்டும் என்று காற்றையும் தண்ணீரையும் வைத்துப் பார்த்த கலை அது. ‘முதுகுக்கு மலை, முகத்துக்கு நீர், வாசல் தெற்கே’ என்பது அதன் அடிப்படை.

காரணம் எளிமையானது. சீனாவில் குளிர்காலக் காற்று வடக்கிலிருந்து சைபீரியக் குளிரைச் சுமந்து வரும். வடக்கே மலை இருந்தால் அது தடுக்கும். பெய்ஜிங் நகரம் ஏறத்தாழ 40 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அங்கே டிசம்பர் மாத உச்சி வேளையிலும் சூரியன் தெற்கே 27 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். தெற்கு பார்த்த வாசலும் ஜன்னலும் இருந்தால் அந்தச் சாய்ந்த வெயில் வீட்டுக்குள் நெடுந்தூரம் வந்து விழுந்து, அடுப்பு மூட்டியதுபோல் கதகதப்பு தரும். அதனால் தெற்கு வாசல் அங்கே வரம்.

தமிழ்நாட்டில் அதே தெற்கு வாசலை ‘எமன் திசை’ என்று பலர் தவிர்க்கிறார்கள். ஒரே திசை, ஓர் ஊரில் நல்லது, இன்னோர் ஊரில் ஆகாது என்றால், சக்தி திசைக்குள் இல்லை என்பது புரிகிறது அல்லவா? அந்தத் திசையில் அந்த ஊருக்கு என்ன வருகிறது என்பதுதான் கணக்கு. சீனத்து விதியையும் நம்மூர் விதியையும் ஒரே வீட்டில் திணித்தால், ஒன்றோடொன்று முட்டத்தான் செய்யும்.

ஃபெங் சுயியில் இருந்து நம் விவசாயிகள் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது பொம்மை அல்ல, காடு. தென்சீனக் கிராமங்களில் வீடுகளுக்குப் பின்னால், மலைச்சரிவில் ஒரு தோப்பை வெட்டாமல் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். ‘ஃபெங் சுயி காடு’ என்று பெயர். ஹாங்காங்கின் கிராமப்புறத்தில் மட்டும் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட காடுகள் இன்றும் இருக்கின்றன. கற்பூர மரம், லிச்சி, மூங்கில் என்று அடர்ந்து நிற்கும் அந்தத் தோப்பு, மண்சரிவைத் தடுக்கும், குளிர்காற்றை மறிக்கும், ஊற்று நீரைக் காக்கும். நம்மூர் ஐயனார் கோயில் காடுகளுக்கு அது உறவுமுறை என்றே சொல்லலாம். சாமி பெயரால் அரிவாள் படாமல் நின்ற மரங்கள்தான் இரண்டும்.

கடையில் விற்கும் ‘அதிர்ஷ்ட மூங்கில்’ மூங்கிலே அல்ல. அது டிரசீனா வகையைச் சேர்ந்த ஆப்பிரிக்கச் செடி. மேசைக்கு அழகு, அவ்வளவுதான். வேலியோரம் நடும் நிஜ மூங்கில் காற்றையும் தடுக்கும், காசும் தரும்.

நம்மூருக்கு நான்கு காற்று!

காற்று வரும் திசையை வைத்தே பெயர் சூட்டியவர்கள் தமிழர்கள். வடக்கே இருந்து வருவது வாடை, தெற்கே இருந்து வருவது தென்றல், கிழக்கே இருந்து வருவது கொண்டல், மேற்கே இருந்து வருவது கோடை. வீட்டுக்கு இந்த நான்கையும் பார்த்தால் போதும்.

வைகாசிக் கடைசியில் தொடங்கி புரட்டாசி வரை மேல்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து மழையோடு வரும் காற்று. கோடைக்காலப் பிற்பகலில் கடலோர மாவட்டங்களுக்குக் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து கடல்காற்று. இது பொதுக்கணக்கு. ஊருக்கு ஊர் மாறும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கும் பொள்ளாச்சி, உடுமலை பகுதியில் ஆடிக்காற்றின் வேகமே தனி. ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களை ஒட்டிய ஊர்களும் அப்படித்தான். அங்கே மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்தால் வீடு முழுக்கப் புழுதிதான். அதே ஜன்னல் காற்றே இல்லாத உள்மாவட்டத்து ஊர் ஒன்றில் தேவைப்படலாம்.

இதை அறிய நிபுணர் தேவையில்லை. களத்தில் நெல்லும் சோளமும் தூற்றியவருக்கு, எந்த மாதம் எந்தப் பக்கம் முறம் பிடிக்க வேண்டும் என்று தெரியும். அந்த அறிவுதான் வீட்டு வாஸ்துவின் முதல் பாடம். சந்தேகம் இருந்தால், வீடு வரப்போகும் இடத்தில் 15 அடி மூங்கிலை நட்டு, உச்சியில் ஒரு துணிக்கீற்றைக் கட்டிவிடலாம். காலை, உச்சி, மாலை என்று பார்த்துக் காலண்டரில் குறித்துவந்தால் போதும். காசு செலவில்லாத வாஸ்து அறிக்கை அது.

காற்று உள்ளே வருவதற்கு ஒரு வழி மட்டும் போதாது; வெளியேறவும் வழி வேண்டும். எதிரெதிர்ச் சுவரில் ஜன்னல் வேண்டும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் கூரையை ஒட்டிக் காற்றுத்துளை வேண்டும். பழைய தொட்டிக்கட்டு வீடுகளின் முற்றம் செய்த வேலையும் இதுதான். நடுவில் திறந்திருக்கும் முற்றம் வழியாகச் சூடு மேலே போக, தாழ்வாரத்து நிழல்காற்று உள்ளே வரும். சிறிய வீட்டில் 6 அடிக்கு 6 அடி இடத்தைத் திறந்து, மேலே கம்பிவலை போட்டாலும் பலன் உண்டு.

கோழிக்குப் பார்க்கிற வெயில், வீட்டுக்கு வேண்டாமா?

கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். அப்போதுதான் குறுகலான பக்கம் மட்டும் காலை, மாலை வெயிலில் படும். கோழிக்கு இவ்வளவு பார்க்கிறோம். வீட்டை மட்டும் சாலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பார்த்துக் கட்டிவிடுகிறோம்.

தமிழ்நாடு ஏறத்தாழ 8 முதல் 13.5 டிகிரி வடக்கு அட்சரேகைக்குள் இருக்கிறது. இங்கே ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் ஆகஸ்ட் மாதத்தையொட்டியும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சி வேளைச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பரில்கூட தெற்கே 55 டிகிரி உயரத்தில் இருக்கும். இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன.

ஒன்று, நம்மூரில் அதிக வெயில் வாங்குவது கூரை. முதல் செலவு அங்கேதான் செய்ய வேண்டும்.

இரண்டு, தெற்குச் சுவரை நிழலாக்குவது சுலபம். 3 அடி நீளத்துக்கு இறவாரமோ சன்ஷேடோ இருந்தால், டிசம்பர் உச்சி வேளையில் அதன் நிழல் 4 அடிக்கு மேல் கீழே இறங்கி ஜன்னலை மூடிவிடும். வடக்குச் சுவருக்கும் இறவாரம் போதும்.

மூன்று, மேற்குச் சுவருக்கு அந்த வித்தை பலிக்காது. மாலை நாலரை மணி வெயில் சாய்வாக வரும். அதே 3 அடி சன்ஷேடு ஒன்றரை அடி நிழல்தான் தரும். மேற்கே தாழ்வாரம் இறக்க வேண்டும், இல்லை மரம் வளர்க்க வேண்டும். தாழ்வாரத்தை உரமூட்டை, கருவிகள் வைக்கவும் பயன்படுத்தலாம். மாடிப்படி, குளியலறை, சாமான் அறை போன்றவற்றை மேற்கே தள்ளினால் அவையே படுக்கையறைக்கு வெயில் மறைப்பாக நிற்கும்.

இப்போது சாஸ்திரத்தைத் திரும்பிப் பாருங்கள். ‘கன்னி மூலை உயரமாக, கனமாக இருக்கட்டும், ஈசானிய மூலை தாழ்வாக, திறந்து இருக்கட்டும்’ என்கிறது. தென்மேற்கில் கனத்த சுவரும் மரமும் இருந்தால் மாலை வெயிலும் மேல்காற்றும் தடுக்கப்படும். வடகிழக்கு திறந்திருந்தால் இளங்காலை வெளிச்சம் உள்ளே வரும். இந்த விதி வெயில் கணக்கோடு ஒத்துப்போகிறது. தாராளமாகப் பின்பற்றலாம்.

சமையலறைக்கும் அப்படியே. அக்னி மூலையான தென்கிழக்கு முதல் தேர்வு, வாயு மூலையான வடமேற்கு இரண்டாவது தேர்வு என்பார்கள். நமது இரண்டு பருவக்காற்றில் ஒன்று தென்மேற்கிலிருந்தும் மற்றது வடகிழக்கிலிருந்தும் வருபவை. தென்கிழக்கும் வடமேற்கும் அந்தப் பாதைக்குப் பக்கவாட்டில் இருக்கின்றன. அந்த இரண்டு பருவக்காற்றிலும் அடுப்புப் புகை வீட்டுக்குள் நேராகப் பாயாது.

வீட்டுக்கு மேடு, பயிருக்குப் பள்ளம்!

எந்த இடத்தில் கட்டுவது? பழைய ஊர்களின் நத்தம் பெரும்பாலும் மேட்டில் இருக்கும். விளையும் நிலத்தை விட்டுவிட்டு, விளையாத மேட்டில் குடியிருந்தார்கள். தோட்டத்து வீட்டுக்கும் அதே விதிதான். வண்டல் மண் உள்ள நல்ல இடத்தில் கடைக்கால் போட்டால், அந்த மண் இனிமேல் கிடைக்காது. கல்லும் சரளையும் உள்ள மேடு வீட்டுக்கு உறுதி, மழைநீரும் தேங்காது.

கரிசல் மண்ணில் கூடுதல் கவனம் தேவை. மழையில் ஊதி, கோடையில் வெடிக்கும் மண் அது. சாதாரணக் கடைக்கால் போட்டால் சுவர் விரியும். அடியில் குமிழ்போல் விரிந்திருக்கும் ‘அண்டர் ரீம்டு பைல்’ முறையைப் பொறியாளரின் யோசனையோடு செய்வது நல்லது.

எந்த மண்ணாக இருந்தாலும், கடைக்கால் தோண்டும்போது முதல் ஓர் அடி மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, தென்னைக்கும் காய்கறிப் பாத்திக்கும் போட்டுவிட வேண்டும். அதைத் தரைமட்டத்துக்கு நிரப்புவது, எருவைக் கொண்டு குழியை மூடுவதற்குச் சமம்.

மாட்டுக்கொட்டகை வீட்டுக்குக் காற்று வரும் வழியில் இருக்கக் கூடாது. ஆண்டின் பெரும்பகுதி காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம், குறைந்தது 30 அடி தள்ளி இருக்கட்டும். சாண எரிவாயுக் கலனைக் கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவில் அமைத்தால் சாணம் சுமக்கும் தூரமும் குழாய் நீளமும் குறையும். 2 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் வேண்டும். நான்கைந்து மாடு உள்ள வீட்டுக்கு இது சரியான அளவு. செப்டிக் டேங்கும் கழிவறைக் குழியும் குடிநீர்க் கிணற்றுக்கு 50 அடிக்குக் குறையாத தூரத்தில், கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கம் இருக்க வேண்டும். எந்த மூலையிலும் சமரசம் செய்துகொள்ளக் கூடாத விதி இது ஒன்றுதான்.

பேக்கர் காட்டிய வழி!

இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து, கேரளாவில் வாழ்ந்து 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், மலிவான, குளிர்ச்சியான வீடுகளுக்குப் பேர்போனவர். வீட்டுக்குத் தேவையான பொருள் எல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னது தன் மனதில் பதிந்துவிட்டதாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். திருவனந்தபுரம் உள்ளூரில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தில், மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்துக் கட்டியிருக்கிறார். ஜன்னலுக்குப் பதில் செங்கல் இடைவெளிகளால் ஆன சல்லடைச் சுவர். காற்றும் வெளிச்சமும் வரும், சுள்ளென்ற வெயில் வராது. அவரது முறைகளைப் பரப்ப 1985-ல் திருச்சூரில் தொடங்கப்பட்ட ‘காஸ்ட்ஃபோர்டு’ அமைப்பு இன்றும் செயல்படுகிறது.

அவர் பரப்பிய இரண்டு முறைகள் நம் விவசாயிகளுக்கு நேரடியாக உதவும்.

எலிப்பொறிக் கட்டு: செங்கலைப் படுக்கை வசத்தில் வைக்காமல், குத்துவசத்தில் நிறுத்தி, நடுவில் காலி இடம் விட்டுக் கட்டுவது. சுவரின் கனம் அதே 9 அங்குலம்தான். ஆனால், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவில் இருக்கும் காற்று, வெளிச்சூட்டை உள்ளே விடாமல் மறிக்கும். இதில் பழகிய கொத்தனார் வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

ஓடு வைத்த கான்கிரீட்: தளத்தின் கீழ்ப்பாதி கான்கிரீட்டுக்குச் சுமை தாங்கும் வேலை அதிகம் இல்லை. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துக் கான்கிரீட் போடுவார்கள். சிமென்ட் மிச்சம், எடை குறைவு, ஓட்டுக்கு இடையில் இருக்கும் காற்றால் சூடும் குறையும். பழைய வீட்டைப் பிரித்த ஓடு கைவசம் இருந்தால் இன்னும் லாபம். கம்பி இடைவெளியைப் பொறியாளர் சொல்லும்படி வைக்க வேண்டும்.

செங்கல்லுக்கு மாற்றாக, அழுத்திய மண்கல் இருக்கிறது. ஆரோவில் மண் கட்டடக் கழகம் பல ஆண்டுகளாக இதற்குப் பயிற்சி தருகிறது. மேல்மண்ணை நீக்கி, அடிமண்ணோடு 5 சதவிகிதம் அளவுக்கு சிமென்ட் கலந்து, எந்திரத்தில் அழுத்தி, நான்கு வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். சூளை இல்லை, விறகு இல்லை. மண் எடுத்த குழியை முன்கூட்டியே திட்டமிட்டால் அதுவே பண்ணைக்குட்டை ஆகிவிடும்!

மண் பொருந்துமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி, ஒரு நாள் வைக்க வேண்டும். அடியில் சரளையும் மணலும், நடுவில் வண்டல், மேலே களி என்று படியும். ஏறத்தாழ 15 பங்கு சரளை, 50 பங்கு மணல், 15 பங்கு வண்டல், 20 பங்கு களி இருந்தால் அருமையான மண். களி மிகுந்த மண்ணுக்கு மணல் சேர்க்க வேண்டியிருக்கும்.

மரமும் மழையும்!

மேற்கிலும் தென்மேற்கிலும் சுவரிலிருந்து 15 முதல் 20 அடி தள்ளி வேம்பும் புங்கனும் நடலாம். புங்கன் கோடை முற்றும் முன்பே இலை உதிர்த்து, புதுத்தழை விட்டுவிடும். சித்திரைக்கு நிழல் தயார். ஆலும் அரசும் வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். வேர் சுவரைப் பிளக்கும். கரிசல் மண்ணில், மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி நட வேண்டும். வேர் ஈரத்தை உறிஞ்சினால் மண் சுருங்கிக் கடைக்கால் இறங்கும். சூரியத்தகடு வைக்கும் எண்ணம் இருந்தால், கூரையின் தெற்குப் பக்கத்தில் மர நிழல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடலோர, டெல்டா மாவட்டத்துக்காரர்கள் 2018 நவம்பரில் வந்த கஜா புயலை மறந்திருக்க மாட்டார்கள். சாய்ந்த தென்னைகளும் பறந்த கூரைகளும் தந்த பாடம் இரண்டு: தென்னை விழுந்தால் வீட்டின்மேல் விழாத தூரத்தில் நிற்க வேண்டும். தாழ்வாரக் கூரையை வீட்டுக் கூரையோடு இணைக்காமல் தனியாக அமைக்க வேண்டும். தாழ்வாரம் பறந்தாலும் வீடு நிற்கும்.

ஈசானிய மூலையில் தண்ணீர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், மழைநீர்த் தொட்டியை அங்கே கட்டலாம். 1,000 சதுர அடி கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் தண்ணீர். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், சிந்தியது போக 65,000 லிட்டருக்கு மேல் சேரும். 10,000 லிட்டர் மூடிய தொட்டி இருந்தால், குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லிட்டர் வீதம் 250 நாள் வரும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, வடிகட்டி சேமிக்க வேண்டும். மிச்சத்தைக் கிணற்றுக்கோ போர்வெல்லுக்கோ திருப்பலாம். குளியலறைத் தண்ணீரைக் கல்வாழை, சேம்பு வழியாக விட்டு வாழைக்குப் பாய்ச்சலாம்.

ஓராண்டு குறித்துவையுங்கள்!

கடைக்கால் தோண்டுவதற்கு முன், மனையில் கவனிக்க வேண்டியவை:

பங்குனி - சித்திரை: மாலை 3 முதல் 6 மணி வரை வெயில் எந்தப் பக்கம் வாட்டுகிறது? எந்த மரத்தின் நிழல் எதுவரை வருகிறது?

ஆனி - ஆடி: மேல்காற்றின் வேகம், புழுதி. பக்கத்து வயலில் மருந்தடித்தால் வாடை எந்தப் பக்கம் போகிறது?

ஐப்பசி - கார்த்திகை: சாரல் எந்தப் பக்கம் அடிக்கிறது? தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வழியாக ஓடுகிறது?

மார்கழி - தை: காலை வெயில் எத்தனை மணிக்கு மனையில் விழுகிறது? பனி எங்கே தங்குகிறது?

வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

‘‘கன்னி மூலையில் பாசனக் கிணறு இருக்கிறது. மூடிவிட்டுத்தான் வீடு கட்ட வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?’’

தண்ணீர் உள்ள கிணற்றை மூடவே கூடாது. நிலத்தடி நீர், பாறையின் வெடிப்பு போகும் வழியில் ஓடுகிறது. மூலை பார்த்து ஓடுவதில்லை. ஈசானியத்தில் புதிதாகப் போடும் போர்வெல்லில் தண்ணீர் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கவனிக்க வேண்டியது தூரத்தைத்தான். கிணற்றை ஒட்டிக் கடைக்கால் போட்டால் கிணற்றுச்சுவரும் வீடும் சேர்ந்து சரியும். வீட்டைத் தள்ளிக் கட்டி, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் கம்பிவலையும் போடுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால், நடுவில் ஒரு வேலி எழுப்பி, வீட்டு மனையைத் தனியாகவும் தோட்டத்தைத் தனியாகவும் பிரித்துக்கொள்ளலாம். மனை பார்ப்பவர்களே பலரும் ஒப்புக்கொள்ளும் வழி இது.

‘‘தெற்கு பார்த்த மனை வாங்கலாமா?’’

வாங்கலாம். தென்றல் வரும் திசை அது. 3 அடி இறவாரமோ திண்ணையோ இருந்தால் தெற்கு வெயிலும் தொந்தரவு இல்லை. வெயில் கணக்குப்படி அதிகம் யோசிக்க வேண்டியது மேற்கு பார்த்த மனைக்குத்தான். அங்கேயும் முன்தாழ்வாரமும் இரண்டு மரமும் இருந்தால் சமாளிக்கலாம்.

‘‘மனையடி அளவுப்படி அறை கட்டச் சொல்கிறார்கள். பார்க்க வேண்டுமா?’’

10, 11, 16 அடி என்று சொல்லப்படும் அளவுகள் குடும்பத்துக்கு வசதியான அளவுகள்தான். வரைபடம் போடும்போதே பார்த்துக்கொண்டால் செலவில்லை. கட்டி முடித்த சுவரை அரை அடிக்காக இடிப்பதுதான் வேண்டாத வேலை.

‘‘கான்கிரீட் வீடு கட்டி ஐந்து வருடம் ஆகிறது. ராத்திரியில் அனல் வீசுகிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா?’’

முடியும். பகலில் வாங்கிய சூட்டைத்தான் தளம் ராத்திரியில் இறக்குகிறது. மாசி, பங்குனியில் மொட்டைமாடியைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அடிக்க வேண்டும். வெள்ளை ஓடு பதித்தால் நீடித்திருக்கும். மேற்குச் சுவரையொட்டிப் பந்தல் போட்டு, கோவை, பீர்க்கன் படரவிட்டால் நிழலும் கிடைக்கும், காயும் கிடைக்கும். மேற்கு ஜன்னலுக்குத் திரையை உள்ளே மாட்டுவதைவிட, வெளியே தென்னங்கீற்றுத் தட்டி தொங்கவிடுவது நல்லது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும்.

‘‘மண்கல் சுவர் மழையில் கரையாதா? கரையான் ஏறாதா?’’

மண்சுவருக்குத் தலையில் குடை, காலில் செருப்பு இரண்டும் வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 3 அடி இறவாரம் குடை. தரைக்கு மேல் 2 அடி உயரக் கருங்கல் அடித்தளம் செருப்பு. அதற்கு மேல் ஈரம் தடுக்கும் சிமென்ட் பூச்சு ஒன்றும் வேண்டும். சிமென்ட் கலந்து அழுத்தி, சரியாகப் பதப்படுத்திய கல் மழையில் கரையாது. சாரல் நேராக அடிக்கும் பக்கத்தில் சுண்ணாம்புப் பூச்சு கொடுக்கலாம். கரையானுக்குப் பிடித்தது மரம்தான். நிலை, உத்தரம் மண்ணைத் தொடாமல் பார்த்துக்கொண்டாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

‘‘பட்ஜெட் கொஞ்சம்தான். எதற்கு முதலில் செலவழிப்பது?’’

முதலில் கடைக்கால், அடுத்து கூரை. பிறகு மேற்குத் தாழ்வாரம், மழைநீர்த் தொட்டி. மரக்கன்றுகளை வீட்டு வேலை தொடங்கும் ஓராண்டுக்கு முன்பே நட்டுவிடுங்கள். வழவழப்பான தரை, முகப்பு அலங்காரம், பொம்மைகள் எல்லாம் கடைசி. அவற்றை அடுத்த அறுவடையில்கூட வாங்கிக்கொள்ளலாம். கூரையையும் கடைக்காலையும் அப்படி மாற்ற முடியாது.